தலையில் வைத்த கை

போன வாரம் நான் நிறுத்திய இடத்தில் றாஹிலாவின் கையிலிருந்து சுடுதண்ணிக் கேத்தல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கிழமையாக அதை அந்தரத்தில் தொங்கவிட்டதற்குக் கோபித்து எழுதியவர்கள் உண்டு. சரி, இப்போது விழட்டும்.

விழுந்தது. பேத்தியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தண்ணீர் ஆவி பறக்கச் சீமெந்துத் தரையில் ஓடி, பிள்ளையின் விரலைத் தொடுவதற்குள் றுஸ்னா பாய்ந்து வந்து மகளை அள்ளிக்கொண்டாள்.

"உம்மா! கண் தெரியல்லயா உங்களுக்கு?"

கண் நன்றாகத்தான் தெரிந்தது. இடது கை கேத்தலைப் பிடித்திருக்கிறது என்றுதான் றாஹிலா நினைத்துக்கொண்டிருந்தாள். பெருவிரலும் அதற்கடுத்த விரலும் விறைத்துப்போய், வேறு யாருடைய விரல்களோ போலக் கிடந்தன. கை தன்னிடம் பொய் சொல்லிவிட்டது என்பது கேத்தல் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. றாஹிலாவின் கணவர் அப்துல் கபூர் கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் வியாபாரம் செய்தவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று ஒரு மதில் அவர் இடுப்பில் சரிந்தது. உயிர் தப்பியது, கால்கள் தப்பவில்லை. பிறகு கடலுக்குத் தூரமாகக் கட்டிக்கொடுத்த இந்த வீட்டுத்திட்டத்துக்கு வந்து, நாலு வருஷத்துக்கு மேல் கட்டிலிலேயே கிடந்து, இந்த மார்ச் மாதம் மௌத்தாகி மண்ணுக்குள் போனார். றாஹிலா இப்போது கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சீலையோடு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அதில் பாதி போய்விட்டது.

வீடு ஒரே மகள் றுஸ்னாவுக்குச் சீதனமாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்த நாளிலிருந்து தாய் தன் வீட்டிலேயே விருந்தாளிதான். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விருந்தாளிக்கு நோய் வந்தால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

"பக்கத்து வீட்டு மதினிக்குச் சொல்லிப்போடாத மகள்" என்றாள் றாஹிலா, வலது கையால் தரையைத் துடைத்துக்கொண்டே.

"மாமிக்குத் தெரிஞ்சா என்ன? டொக்டர்ட்ட காட்டுவம் எண்டு எத்தின நாளா சொல்றன்."

"இத்தா முடியட்டும்."

"அதுக்குள்ள கை போனா?"

றுஸ்னா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

*

அந்தத் தோள் நோவு இன்று நேற்று வந்ததல்ல. கபூர் மௌத்தாவதற்கு முந்தின வருஷமே வந்தது. பிடரியின் இடப்பக்கத்தில் தொடங்கி, தோள்பட்டையில் குந்தி, கைவழியாக இறங்கி, பெருவிரல்வரை மின்சாரம் அடித்தாற்போல் ஓடும். அப்போது கட்டிலில் கிடந்தவர் நோயாளி. ஒரு வீட்டில் எத்தனை நோயாளிகள் இருக்க முடியும்?

மௌத்துக்குப் பிறகு அந்த நோவுக்கு ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டது. கவலை.

"கவலை தோளுக்கு இறங்கியிரிக்கி" என்றாள் வந்த ஒருத்தி. "புருஷன்ட பாரம் அப்படித்தான்கா" என்றாள் இன்னொருத்தி. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு இது ஒரு வசதி. பல் கொதித்தாலும் வயிறு ஊதினாலும் எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போய்விடலாம்.

கபூரின் மூத்த சகோதரி சபியா உம்மா பக்கத்து வீடு. அவள் அப்படி எழும்பிப் போகிறவள் அல்ல. ஓதிய எண்ணெய் கொண்டுவந்து, தானே உட்கார்ந்து, மைத்துனியின் தோளைப் பிடித்து உருவினாள். உருவிய அன்று நோவு இரண்டு மடங்காகும். றாஹிலா பல்லைக் கடித்துக்கொள்வாள். அதையும் சபியா உம்மா கவலை என்றே எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு காரியத்தில்தான் றாஹிலாவுக்குச் சுகம் கிடைத்தது. இடது கையைத் தூக்கி உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தால் நோவு மெல்ல வடிந்துவிடும். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அப்படி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த ஒரு பின்னேரம் சபியா உம்மா கண்டுவிட்டாள்.

"தலையில கை வெக்காத றாஹிலா! மையித்துக்கு ஒப்பாரி வெக்கிற பழக்கம் நமக்கு ஹறாம். நீ இப்படி இரிந்தா கபுறுக்குள்ள என்ட தம்பிக்குத்தான் வேதனை."

அன்றிலிருந்து றாஹிலா கையை இறக்கிவிட்டாள். நாலு வருஷம் வேதனைப்பட்ட மனிதன் மண்ணுக்குள்ளாவது நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று நினைத்தாள். அறைக்கதவைச் சாத்திய பிறகு மட்டும், களவெடுக்கிறவள் மாதிரி, கொஞ்சநேரம் தலையில் கை வைத்துப் படுப்பாள். பிறகு அதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்வாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏசிவிட்டுப் போன சபியா உம்மாவே வெளியில் போய் அதைப் பெருமையாகச் சொன்னாள். "என்ட தம்பிர பொஞ்சாதி மாதிரி ஒருத்தி இல்ல. தலையில வெச்ச கையை எடுக்கிறாளில்ல. அவ்வளவு கவலை." ஊர் கேட்டுத் தலையாட்டியது.

*

பகல் லுஹர் தொழுகை முடிந்து கனநேரம் கழித்து வினோஜா வந்தாள். பாண்டிருப்புப் பிள்ளை. ஆசுபத்திரியில் நரம்பு, மூட்டு, முறிவு வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. றுஸ்னாவோடு ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்தவள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி இரண்டு நாள் ஆகவில்லை. சந்தைப்பக்கம் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வினோஜாவின் தோள் ஒருமுறை குலுங்கிற்று.

"உங்கட ஆக்கள் எல்லாரும் சுகமா மிஸ்?" என்று றாஹிலா கேட்டாள்.

"அக்கா வன்னியில, சண்டைக்குள்ள அகப்பட்டவ உம்மா. செய்தி ஒண்டுமில்ல."

வினோஜா கைகளைக் கழுவிவிட்டு வந்து றாஹிலாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எண்ணெய் பூசினீங்களா?"

"மதினி உருவிவிட்டவ."

"இனி உருவ விடாதீங்க. மேல பாருங்க. இப்ப மெல்ல இடப்பக்கம் திரும்புங்க."

றாஹிலா திரும்பினாள். தோளிலிருந்து பெருவிரல்வரை அந்த மின்சாரம் ஓடியது. "யா அல்லாஹ்" என்று முனகினாள்.

"தொழுதுபோட்டு ஸலாம் குடுக்கக்குள்ளயும் இப்படித்தானே?"

றாஹிலா ஆச்சரியத்தோடு பார்த்தாள். தொழுகையின் முடிவில் இடப்பக்கம் ஸலாம் கொடுக்கும்போது இப்போதெல்லாம் அவள் கண்ணை மட்டும்தான் திருப்பினாள். அந்தத் தொழுகை கூடுமா கூடாதா என்று தனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். ஓர் இந்துப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

"எங்கட கிளினிக்குக்கு வாற முக்கால்வாசிப் பேர் உங்கட ஆக்கள்தான் உம்மா. கழுத்து நரம்பு நெரிஞ்ச எல்லாரும் முதல்ல சொல்றது அதைத்தான்."

"கழுத்தா? எனக்கு நோகுறது தோள்."

"நோகுறது தோள், நெரிபடுறது கழுத்து. கட்டில் கால் வயருக்கு மேல ஏறினா என்ன நடக்கும்? லைட் அங்கால அணைஞ்சிரும். நாம லைட்டை உருவிக்கொண்டிருந்தா எரியுமா? கழுத்தெலும்புகளுக்கு நடுவாலதான் கைக்குப் போற நரம்பு வருது. அதுதான் அமத்துப்பட்டிரிக்கி. தோளில ஒரு பிழையும் இல்ல."

பிறகு தன் இரண்டு விரல்களை நீட்டி, இரு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். வலது கை நன்றாகப் பிடித்தது. இடது கை பிடித்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. வினோஜாவின் முகம் மாறியதை வாசலில் நின்ற றுஸ்னா கண்டாள், றாஹிலாவும் கண்டாள்.

"என்ன செஞ்சா நோவு குறையுது உம்மா?"

றாஹிலா வெளிவாசலை எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

"சொன்னா ஏசப்போடாது மிஸ்" என்றுவிட்டு, இடது கையை எடுத்துத் தலையில் வைத்தாள்.

வினோஜா அன்று முதல்தடவையாகச் சிரித்தாள். "இதுக்கேன் ஏச? இதுதான் சரி. கையை உயர்த்தினா இழுபட்டு நிக்கிற நரம்பு கொஞ்சம் தளரும். உங்கட உடம்பு தானாக் கண்டுபிடிச்ச மருந்து."

"பாவமில்லையா இது?"

"நரம்புக்கு அதெல்லாம் தெரியாது உம்மா."

றாஹிலா கையை எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில், கதவு திறந்திருக்க, கூச்சப்படாமல் அப்படி இருந்தாள். உடம்பு தளர்ந்தபோது கண் சொக்கிக்கொண்டு வந்தது.

"சரி, இந்த நாலு வருஷமும் என்ன வேலை செஞ்சீங்க?"

எத்தனையோ பேர் வந்து கபூர் எப்படி மௌத்தானார், கடைசியாக என்ன சொன்னார், கலிமாச் சொன்னாரா என்று கேட்டிருந்தார்கள். றாஹிலா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் எழுந்து கட்டிலருகே போய்ச் செய்து காட்டினாள்.

"கட்டில் சுவரோட கிடந்த. அதனால இந்தப் பக்கத்தாலதான் தூக்க ஏலும். நான் குனிவன். அவர் கையை என்ட கழுத்தில, இவடத்த போடுவார். நான் தலையால முட்டுக்குடுத்து நிமிருவன். கக்கூசுக்கு, குளிக்க, புண் வராமப் புரட்ட. விடிய ஒருக்கா, பிறகு... எத்தினதரம் எண்டு தெரியா மிஸ்."

அவள் கை வைத்துக் காட்டிய இடம் நோவு தொடங்கும் அதே இடம். றுஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே வீட்டில்தான் அவளும் இருந்தாள்.

"சுகமாகும் உம்மா. பாரம் தூக்காம, கழுத்தை முறிக்கிற வைத்தியம் ஒண்டும் செய்யாம இரிந்தா, கனபேருக்குக் கொஞ்சக் கிழமையில இறங்கிரும்."

"முழுக்கப் போயிருமா?"

கேட்ட குரலில் சந்தோஷத்தை விடப் பயம்தான் இருந்தது. ஏனென்றால் கபூரின் கை கிடந்த இடம் அது. அவர் சட்டைகளை ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று. கட்டிலைத் திருப்பிப் போட்டாயிற்று. அவர் இருந்தார் என்பதற்கு அவள் உடம்பில் மிஞ்சியிருந்தது அந்த நோவு ஒன்றுதான்.

வினோஜா தாடையை மெல்ல உள்ளே இழுத்துக் கழுத்தை நிமிர்த்தும் பயிற்சியைக் காட்டினாள். நோவு கைக்கு இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றாள். இளஞ்சூட்டுத் துணி ஒத்தடம் கொடுக்கலாம் என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தலையணை.

"இதில ஒண்டை எடுக்க வேணும். உயரத் தலையணையில படுத்தா கழுத்து மடிஞ்சிரும்."

மேலே கிடந்தது கபூருடையது. றாஹிலா அடியில் கிடந்த தன்னுடைய தலையணையை உருவி மகளிடம் கொடுத்தாள்.

"இதெல்லாம் நோவுக்கு" என்றாள் வினோஜா. "ஆனா கை பலம் குறைஞ்சிருக்கு. அது வேற கதை. பொருள் கைவிட்டுப் போகத் தொடங்கினாப் பிறகு காத்திருக்கக் கூடாது. நரம்பு கனநாள் அமத்துப்பட்டுக் கிடந்தா பிறகு எடுத்துவிட்டாலும் கை திரும்பி வராது. நாளைக்குப் பெரிய டொக்டர் வாறார். நாளைக்கே வரவேணும்."

*

நாளைக்கு. வாசலைத் தாண்டி, தெருவில், ஆண்கள் நிறைந்த ஆசுபத்திரிக்கு. றுஸ்னாவின் புருஷன் வயல்வட்டையில் விதைப்புக்குப் போயிருந்தான். ஆட்டோ வைத்திருப்பவன் சபியா உம்மாவின் மகன். சபியா உம்மா ஓம் என்றால்தான் அந்த ஆட்டோ வரும்.

அவளே வந்தாள். பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் வழக்கமாக வருகிறவள், முன்வாசலால் நுழைந்து, அறையில் இருந்த கோலத்தைக் கண்டு அப்படியே நின்றாள். தலையில் கையோடு மைத்துனி, பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு பிள்ளை.

"ஒருக்காச் சொன்னது காணாதா உனக்கு? இப்ப ஆக்களைக் கூட்டி வெச்சி ஒப்பாரியா?"

"மாமி, கொஞ்சம் கேளுங்க" என்றாள் றுஸ்னா.

வினோஜா எழுந்து நின்றாள். "அவ அழல்ல உம்மா. கழுத்தில நரம்பு நெரிஞ்சிருக்கு. கையை அப்படி வெச்சா நோவு குறையும். அதுக்குத்தான் வெக்கிறா. நாளைக்கு டொக்டர்ட்ட கொண்டுவரவேணும், இல்லாட்டி அந்தக் கை..."

சபியா உம்மா வினோஜாவைப் பார்க்கவேயில்லை. றாஹிலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த கோபம் எங்கோ போய்விட்டது.

"அப்ப அண்டைக்கு? நான் கண்ட அண்டைக்கு?"

"நோவுதான் மதினி."

"நான் உருவக்குள்ள பல்லைக் கடிச்சதெல்லாம்?"

"அதுவும் நோவு."

"அப்ப நீ என்ட தம்பிக்கு அழவேயில்லையா?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். 'ஏன் அழாம மதினி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். றுஸ்னா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொய்யைச் சொல்லுங்கள் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

றாஹிலா கையைத் தலையிலிருந்து இறக்கி மடியில் வைத்தாள்.

"இல்ல மதினி. அழுறதுக்கு எனக்கு உடம்பில ஒண்டும் மிச்சமிருக்கல்ல. அவரை அடக்கின அண்டு ராவு நான் விடியுமட்டும் நித்திரை கொண்டன். நாலு வருஷத்துக்குப் பிறகு அண்டுதான். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தா, நான் நித்திரை கொண்டதை நினைச்சி எனக்கே வெக்கமாப் போச்சி. இதை ஆருட்டச் சொல்ல?"

சபியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். செருப்பை மாட்டக்கூட மறந்து முற்றத்து மணலில் வெறுங்காலோடு நடந்து போய்விட்டாள்.

"ஏன் உம்மா?" என்றாள் றுஸ்னா. "இனி ஆட்டோ?"

"பஸ் இரிக்கிதானே."

"வெள்ளைச் சீலையோடயா?"

"வெள்ளைச் சீலையோடதான். எனக்குக் கை வேணும் மகள். இனி எல்லாத்துக்கும் இந்த ரெண்டு கையும்தானே எனக்கு."

வினோஜா டொக்டர் வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். போகும்போது றாஹிலா அவள் தலையைத் தடவி, "உங்கட அக்காக்கு நான் துஆச் செய்றன்" என்றாள். வினோஜா தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தாள். சந்தைப்பக்கம் இன்னும் வெடி கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரம், அந்த வெடிச்சத்தம் ஓய்ந்த ஓர் இடைவெளியில்தான் மற்றச் சத்தம் கேட்டது.

முதலில் பூனை என்றுதான் றுஸ்னா நினைத்தாள். பிறகு அது பூனை இல்லை என்று தெரிந்தது. பக்கத்து வீட்டில் சபியா உம்மா அழுதுகொண்டிருந்தாள். விம்மல் இல்லை. வாய்விட்டு, பெயர் சொல்லி, இழுத்து இழுத்து, "என்ட தம்பீ... என்ட கபூரே..." என்று, ஊருக்கெல்லாம் ஹறாம் என்று சொன்ன அந்த ஒப்பாரியையே வைத்துக்கொண்டிருந்தாள்.

தன் தம்பிக்காக இரண்டு பேர் அழுகிறோம் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். இன்றைக்குத்தான் அவள் தனித்துப்போனாள்.

றாஹிலா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் யன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒருத்தரும் வெளியே வரவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வரட்டா உம்மா?"

"நீ பிள்ளையோட இரி."

றாஹிலா எழுந்தாள். சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மஃரிபு பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இரண்டு மாதமாகத் தாண்டாத வாசல்படியில் ஒருகணம் நின்றாள். பிறகு இறங்கினாள். முற்றத்தைக் கடந்து, வேலிப் படலைத் தள்ளி, பக்கத்து வீட்டு முன்கதவுக்குப் போனாள்.

"மதினி" என்று கூப்பிட்டு, வலது கையால் கதவைத் தட்டினாள்.

உள்ளே அழுகை நின்றது.

கதவு திறக்கவில்லை.